திண்ணையிலிருந்து தரவரிசை வரை: தமிழகத்தில் கணிதத் தனிப்பயிற்சியின் வரலாறு (1822–2021)

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி நேரத்திற்கு வெளியே கட்டணம் பெற்றுக் கணிதம் கற்பிக்கும் வழக்கம் தமிழகத்தில் அண்மைக்காலச் சீர்கேடாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. இக்கட்டுரை அவ்வழக்கத்தின் இரு நூற்றாண்டு வரலாற்றைத் தேர்வு விதிகள், சேர்க்கைச் சட்டங்கள், வினாத்தாள் அமைப்பு ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்கிறது. திண்ணைக் கல்வியில் தனியார் கற்பித்தலே கல்வியின் இயல்பான வடிவமாக இருந்தது. 1857-க்குப் பின் பொதுத்தேர்வு தோன்றியபோதுதான் தனிப்பயிற்சி என்பது பள்ளிக்கு வெளியேயுள்ள துணைத்தொழிலாகப் பிரிந்தது. அதன்பின் தேர்வின் வடிவம் மாறிய ஒவ்வொரு முறையும் தனிப்பயிற்சியின் வடிவமும் உடன் மாறியுள்ளது. கணிதத்திற்குச் சேர்க்கை விதிகள் அளித்த கூடுதல் எடையே அப்பாடத்தைத் தனிப்பயிற்சியின் மையத்தில் நிறுத்தியது என்பதும், நுழைவுத் தேர்வை நீக்கியபோது தனிப்பயிற்சி அழியாமல் இடம் மாறியது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: தனிப்பயிற்சி, திண்ணைப் பள்ளி, எண்சுவடி, மெட்ரிகுலேஷன், டுட்டோரியல் கல்லூரி, நுழைவுத் தேர்வு, கட்-ஆஃப்

முன்னுரை

கல்வி வரலாறு பெரும்பாலும் பள்ளிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆணைகள், ஆய்வாளர் அறிக்கைகள், மானியக் கணக்குகள், வருகைப் பதிவேடுகள் எனப் பள்ளி தன்னைப் பற்றிய சான்றுகளைத் தானே விட்டுச் செல்கிறது. மாலை வேளையில் ஆசிரியரின் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்து கணக்குப் போட்ட மாணவர்களைப் பற்றி அத்தகைய பதிவு எதுவும் இல்லை. அங்குப் பதிவேடு இல்லை. கட்டணத்திற்குப் பற்றுச்சீட்டும் இல்லை. ஆகவே தனிப்பயிற்சியின் வரலாற்றை நேர்ச்சான்றுகளால் மட்டும் எழுத இயலாது. எந்தத் தேர்வுக்காக அது நடந்ததோ அந்தத் தேர்வின் விதிகளைக் கொண்டு அதன் உருவத்தை உய்த்துணர வேண்டியுள்ளது.

கல்வியியலில் இவ்வழக்கத்தை ‘நிழற்கல்வி’ என்பர். மார்க் பிரே 1999-இல் யுனெஸ்கோவின் கல்வித் திட்டமிடல் நிறுவனத்திற்காக எழுதிய நூலுக்குப் பின் இச்சொல் பரவலாயிற்று. பள்ளியின் பாடத்திட்டம் மாறினால் நிழலின் வடிவமும் மாறும் என்பது இவ்வுருவகத்தின் கருத்து. தமிழகச் சான்றுகள் இதனைச் சற்றுத் திருத்துகின்றன. இங்கு நிழல் பின்தொடர்ந்தது பள்ளியை அன்று, தேர்வை. பள்ளியும் தேர்வும் ஒன்றே என்று கொண்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். அவை இரண்டும் எங்கே பிரிந்தன, எங்கே இணைந்தன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்குக் கணிதத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம், பொதுத்தேர்விலும் நுழைவுத் தேர்விலும் தொழிற்கல்விச் சேர்க்கையிலும் ஒருசேர முடிவு செய்யும் பாடமாக அது நின்றமையே.

திண்ணையும் வீடும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் உள்நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய விவரங்களை மாவட்ட ஆட்சியர்களிடம் கோரினார். அவற்றைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்ததாகக் கூறுகிறது. தரம்பால் இவ்வறிக்கைகளைத் தமது ‘தி பியூட்டிஃபுல் ட்ரீ’ (1983) என்னும் நூலில் வெளியிட்ட பின், பள்ளிகளின் எண்ணிக்கை பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. அவ்விவாதத்தில் அதிகம் கவனிக்கப்படாத செய்தி ஒன்று உண்டு. சென்னை நகர ஆட்சியர், வீடுகளில் கல்வி கற்போர் என ஏறத்தாழ 27,000 பேரைக் குறித்திருந்தார். இது நகரப் பள்ளிகளில் பயின்றோரைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. மன்றோவே இவ்வெண்ணில் பிழை இருக்கக்கூடும் என ஐயுற்றார். ஆயினும் உறவினரும் தனியாசிரியரும் வீட்டில் கற்பிக்கும் வழக்கம் கணிசமாக இருந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. பள்ளி வயது ஆண்பிள்ளைகளுள் கல்வி பெறுவோர் நான்கில் ஒரு பங்கினும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருப்பர் என்று அவர் மதிப்பிட்டதற்கு வீட்டுக் கல்வியும் ஒரு காரணம்.

திண்ணைப் பள்ளியும் அதன் இயல்பில் தனியார் ஏற்பாடே. ஆசிரியருக்கு ஊதியம் அரசிடமிருந்து வரவில்லை. பெற்றோர் நெல்லாகவும் காசாகவும் அளித்தனர். அங்குக் கணக்கு கற்பிக்கப் பயன்பட்டது எண்சுவடி. முழு எண்களின் பெருக்கல் வாய்பாட்டோடு முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) முதலிய பின்னங்களின் வாய்பாடுகளும் அதில் அடங்கும். நெல்லிலக்கம் முகத்தலளவைக்கும், பொன்னிலக்கம் பொன்னின் நிறைக்கும், குழிமாற்று நில அளவைக்கும் உரியவை. மாணவர் இவற்றை உரத்துச் சொல்லி மனத்தில் பதித்தனர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரைச் சொல்லச் செய்து கேட்டான்.

இக்கல்வியின் தரத்தை அளக்கப் பொதுத்தேர்வு எதுவும் இல்லை. களத்தில் நெல் அளக்கும்போதும், கடையில் பேரேடு எழுதும்போதும், வயலின் குழியைக் கணிக்கும்போதும் மாணவனின் திறன் தானே வெளிப்பட்டது. அளப்போரும் கொள்வோரும் அவனைச் சோதித்தனர். அச்சோதனையில் பிறருடன் ஒப்பிட்டு இடம் வழங்கும் தரவரிசை இல்லை. அதே வேளையில் இக்கல்வியை ஒரு பொற்காலமாகக் காட்டுவதும் பொருந்தாது. தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சாதியினரும் மிகப்பெரும்பாலான பெண்களும் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். ஊதியம் தருவோரின் பிள்ளைக்கே கல்வி என்னும் தடையும் அன்றே இருந்தது. தனியார் கற்பித்தலின் விலக்கும் இயல்பு தேர்வுக்கு முற்பட்டது என்பதை மறத்தலாகாது.

1857: பொதுத்தேர்வின் வருகை

1854-ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அது கற்பிக்கும் நிறுவனமாக அமையவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிறுவனமாகவே அமைந்தது. பல்கலைக்கழகத்தின் வாயிலாக வைக்கப்பட்ட மெட்ரிகுலேஷன் தேர்வில் கணிதம் கட்டாயப் பாடம். எண்கணிதம், இயற்கணிதம், யூக்ளிடின் வடிவியல் ஆகியவை ஆங்கிலத்தில் வினவப்பட்டன.

இதன் விளைவுகள் மூன்று. முதலாவதாக, கற்பிப்பவரும் மதிப்பிடுபவரும் வேறு வேறானவராயினர். மாணவனை அறியாத ஒருவர் எங்கோ அமர்ந்து விடைத்தாளைத் திருத்தினார். இரண்டாவதாக, கணக்கின் உள்ளடக்கம் மாறிற்று. மாவும் காணியும் அறிந்த ஆசிரியரால் யூக்ளிடின் தேற்றத்தை ஆங்கிலத்தில் நிறுவக் கற்பிக்க இயலவில்லை. மூன்றாவதாக, மெட்ரிகுலேஷன் தேர்ச்சி கல்லூரிக்கு மட்டுமன்றி அரசு அலுவலகப் பணிக்கும் தகுதியாயிற்று. எனவே தேர்வில் தவறியோர் மீண்டும் மீண்டும் எழுதினர். பள்ளியை விட்டு விலகி, தேர்வை விடாத ஒரு கூட்டம் முதன்முறையாக உருவாயிற்று. அக்கூட்டத்திற்குக் கற்பிக்கும் பொறுப்பு எந்தப் பள்ளிக்கும் இல்லை.

தனிப்பயிற்சி தனித்த தொழிலாக நின்றது இந்த இடைவெளியில்தான். கல்லூரியில் பயிலும் வறிய மாணவர் பள்ளி மாணவருக்குக் கணிதமும் ஆங்கிலமும் கற்பித்துத் தம் உணவுக்கும் கட்டணத்திற்கும் வழிதேடினர். வசதி படைத்த குடும்பங்கள் வீட்டிலேயே ஆசிரியரை அமர்த்தின. ‘டியூஷன்’ என்னும் சொல் ஆங்கிலத்தில் கற்பித்தலையும் கல்விக் கட்டணத்தையும் குறிக்கும். தமிழில் அது பள்ளிக்கு வெளியே கட்டணம் தந்து பயில்வதை மட்டும் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது. இச்சுருக்கமே, பள்ளிக் கல்வியும் தனிப்பயிற்சியும் இரண்டாகப் பிரிந்துவிட்டதைக் காட்டும் மொழிச்சான்று எனலாம்.

கும்பகோணத்தில் ஒரு பயிற்சி நூல்

அக்காலத்து ஆங்கிலேயப் பல்கலைக்கழகங்களிலும் நிலைமை இதற்கு முற்றிலும் வேறன்று. கேம்பிரிட்ஜின் ‘டிரைபாஸ்’ கணிதத் தேர்வுக்குக் கல்லூரி விரிவுரைகள் போதாமையால் மாணவர் தனிப்பயிற்றுநரைப் பணம் கொடுத்து நாடினர். வில்லியம் ஹாப்கின்ஸ், எட்வர்டு ரௌத் ஆகியோர் இதில் பெரும்புகழ் பெற்றனர். இத்தொழிலில் இவர்களினும் எளிய நிலையில் இலண்டனில் இருந்தவர் ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார். தம்மிடம் தேர்வுக்குப் பயின்ற மாணவருக்காகத் தொகுத்த குறிப்புகளை அவர் 1880-களில் நூலாக்கினார். ஆயிரக்கணக்கான முடிவுகளை எண்ணிட்டு, நிறுவலைச் சுருக்கியோ விடுத்தோ அடுக்கிய தொகுப்பு அது. தேர்வுக்கு முன் திருப்பிப் பார்க்க ஏற்ற நூல்.

1903-ஐ ஒட்டி அந்நூல் கும்பகோணத்தில் சீனிவாச இராமானுஜனின் கைக்குக் கிடைத்தது. தேர்வுக்கு மனனம் செய்ய வேண்டிய முடிவுகளை அவர் தாமே நிறுவ வேண்டிய கேள்விகளாகக் கொண்டார். தனிப்பயிற்சிக்கென எழுந்த நூல் ஒன்று தேர்வின் எல்லையைத் தாண்டி ஒருவரை இட்டுச் சென்ற அரிய நிகழ்வு இது.

இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனம் செலுத்தாமையால் இராமானுஜன் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பின்னர்க் கும்பகோணத்திலும் சென்னையிலும் மாணவருக்குக் கணிதம் கற்பித்துப் பிழைக்க முயன்றார். அத்தொழில் அவருக்குக் கைகூடவில்லை. பாடத்திட்டத்திற்குள் நில்லாமல் தம் மனம் சென்ற வழியில் அவர் விளக்கிச் சென்றார் என்பதே அவரிடம் பயின்றோரின் நினைவுகளிலிருந்து தெரிய வருவது. தேர்வில் எது வினவப்படும், எது வினவப்படாது என்று வரையறுத்துத் தருவதே தனிப்பயிற்றுநரிடம் மாணவர் எதிர்பார்த்த திறன். கணித அறிவும் பயிற்றுநர்த் தொழிலும் ஒன்றல்ல என்பது 1910-ஐ ஒட்டியே தெளிவாகிவிட்டது.

தவறியோரின் கல்லூரி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ரிகுலேஷன் தேர்வின் இடத்தைச் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பெற்றது. 1930-களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி பரவத் தொடங்கியது. கணிதக் கலைச்சொற்களும் தமிழில் ஆக்கப்பட்டன. கல்லூரி ஆங்கிலத்திலேயே நின்றது. ‘இருசமபக்க முக்கோணம்’ எனப் பயின்ற மாணவர் புகுமுக வகுப்பில் முதல்நாளே ஆங்கிலப் பெயர்களை எதிர்கொண்டனர். பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவிலிருந்த இம்மொழிப் பள்ளத்தைக் கடக்க உதவுவதும் தனிப்பயிற்சியின் பணிகளுள் ஒன்றாயிற்று.

காமராசர் முதல்வராக இருந்த 1954–1963 காலத்தில் ஊர்தோறும் பள்ளிகள் பெருகின. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பள்ளியிறுதி வகுப்பை எட்டியோர் பல்லாயிரவராயினர். அவர்களுள் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் தவறியோரும் மிகுதி. இவ்விரு பாடங்களிலும் வீட்டில் சொல்லித்தர எவரும் இல்லாமையே இதற்கு முதற்காரணம். இத்தகையோரை நம்பி நகரங்களிலும் வட்டத் தலைநகரங்களிலும் டுட்டோரியல் கல்லூரிகள் எழுந்தன. மார்ச்சில் தவறியவர் அக்டோபர்த் தேர்வுக்கு அங்கே ஆயத்தமாயினர்.

டுட்டோரியல் கல்லூரியை மக்கள் இளக்காரமாகப் பேசினாலும், அது செய்த பணி இன்றைய பயிற்சி நிலையங்களின் பணியிலிருந்து அடிப்படையில் வேறானது. அது தோல்வியுற்றவரைத் தேர்ச்சி எல்லைக்குக் கொண்டுவர முயன்றது. 35 மதிப்பெண்ணே அதன் இலக்கு. வாய்பாடும் பின்னமும் மறந்தவருக்கு முதலிலிருந்து கற்பிக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. 2000-களில் தவறியோர் அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே துணைத்தேர்வு எழுதி மேல்வகுப்பில் சேரும் வாய்ப்பு வந்தபோது டுட்டோரியல் கல்லூரிகளின் தேவை குன்றியது. எந்த ஆணையும் அவற்றை மூடவில்லை. தேர்வு அட்டவணையில் நேர்ந்த ஒரு மாற்றமே அவற்றின் மாணவரைக் குறைத்தது.

1978–1984: தேர்ச்சியிலிருந்து போட்டிக்கு

கோத்தாரி கல்விக் குழுவின் பரிந்துரையை ஒட்டித் தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டது. அதுவரை கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு பள்ளிக்கு மாற்றப்பட்டு, முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு 1980-இல் நடைபெற்றது. நுண்கணிதம் பள்ளியாசிரியரின் பொறுப்பாயிற்று. கல்லூரியில் சில நகரங்களுக்குள் நின்ற உயர்கணிதம் சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் வந்தது. எனினும் முதுகலைக் கணித ஆசிரியர்கள் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. ஆசிரியர் இல்லாத பள்ளியின் மாணவரும், வகுப்பில் பாடம் முடியாத மாணவரும் வெளியே கற்க வேண்டியவராயினர்.

இரண்டாவது பெருமாற்றம் 1984-இல் நிகழ்ந்தது. தொழிற்கல்விச் சேர்க்கையில் நேர்காணல் மதிப்பெண் முறைகேட்டுக்கு இடம்தந்தது என்னும் குறை நெடுநாள் நிலவியது. எம்.ஜி.ஆர். அரசு நேர்காணலை விடுத்து நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் அனுமதி வழங்கப்பட்டது. பரிந்துரையின் ஆதிக்கத்தைக் குறைக்க எடுத்த நடவடிக்கை என்னும் வகையில் நுழைவுத் தேர்வு நியாயமானதே. அது பயிற்சியின் இலக்கை மாற்றியது. தேர்ச்சி பெறுதல் என்பது நிலையான எல்லை; அதனை எட்டியவர் நின்றுவிடலாம். தரவரிசைக்கு அத்தகைய எல்லை இல்லை. அடுத்தவர் ஒரு மணிநேரம் கூடுதலாகப் பயின்றால் நானும் பயில வேண்டும். தோல்வியுற்றவரின் மருந்தாக இருந்த தனிப்பயிற்சி, நன்கு படிப்பவரின் கட்டாயமாக மாறியது இக்காலத்தில்தான்.

மதிப்பெண்ணின் கணக்கு

பிற பாடங்களைவிடக் கணிதத்திற்குத் தனிப்பயிற்சி மிகுந்தமைக்கு அப்பாடத்தின் கடினத்தையே பொதுவாகக் காரணம் காட்டுவர். சேர்க்கை விதியைப் பார்த்தால் வேறொரு காரணமும் புலப்படும். நுழைவுத் தேர்வுக் காலத்தில் பொறியியல் சேர்க்கைக்குரிய ‘கட்-ஆஃப்’ 300. அதில் நுழைவுத் தேர்வுக்கு 100. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 200. இந்த 200-இல் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மூன்று பாடங்களும் பொதுத்தேர்வில் 200 மதிப்பெண்ணுக்கே நடத்தப்பட்டன. ஆகவே கணிதத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபில் 0.5 குறையும், இயற்பியலில் ஒரு மதிப்பெண் குறைந்தால் 0.25 மட்டுமே குறையும். கணிதத்தில் செலவிடும் நேரத்திற்கும் பணத்திற்கும் பயன் இருமடங்கு. இக்கணக்கைப் பெற்றோர் நன்கறிந்திருந்தனர். சதம் எடுக்கக்கூடிய பாடம் கணிதம் ஒன்றே என்னும் நம்பிக்கையும் இதனுடன் சேர்ந்தது.

வினாத்தாளின் அமைப்பும் பயிற்சிக்கு இசைவாக இருந்தது. 2018-க்கு முந்தைய பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 40, ஆறு மதிப்பெண் வினாக்கள் 10, பத்து மதிப்பெண் வினாக்கள் 10 ஆக மொத்தம் 200. இரு தொகுதிகளில் பத்துப் பாடங்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா வரும் என்பது வினாத்தாள் திட்டத்தால் முன்னரே அறியப்பட்டது. விருப்பத் தேர்வுக்கு இடம் இருந்தமையால் கடினமான பாடம் ஒன்றை முற்றிலும் ஒதுக்கிவிட்டும் உயர்ந்த மதிப்பெண் பெற முடிந்தது. பயிற்றுநரின் திறமை இங்கேதான் வெளிப்பட்டது. அணிகள், கலப்பெண்கள், தனிநிலைக் கணிதம் ஆகியவற்றை முழுமையாகப் பயிற்றி, தொகை நுண்கணிதத்தில் குறிப்பிட்ட கணக்குகளை மட்டும் பலமுறை எழுதச் செய்து, தேர்வுக்கு முன் பல மாதிரித் தேர்வுகள் வைப்பது பழகிய முறை. எண்சுவடிக் காலத்து மனனத்தைக் குறைகூறிய நவீனக் கல்வி, நுண்கணிதத்தையே மனனம் செய்யும் நிலைக்கு வந்து சேர்ந்தது. ஒரு வேறுபாடும் உண்டு. எண்சுவடியை மனனம் செய்தவன் அதனைக் களத்தில் பயன்படுத்தினான். தொகையீட்டை மனனம் செய்தவன் பொறியியல் முதலாமாண்டில் அதனை மீண்டும் கற்க நேர்ந்தது.

2007-க்குப் பின்: இடம் மாறிய பயிற்சி

நுழைவுத் தேர்வுப் பயிற்சி நகரங்களில் குவிந்திருந்தது. சிற்றூர் மாணவர் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும் நுழைவுத் தேர்வில் பின்தங்கினர் என்னும் கருத்து வலுப்பெற்றது. 2005-இல் அ.தி.மு.க. அரசு நுழைவுத் தேர்வை நீக்கி ஆணையிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தொடர்ந்து இயற்றப்பட்ட சட்டமும் 2006-இல் செல்லாததாக்கப்பட்டது. அதே ஆண்டு பொறுப்பேற்ற தி.மு.க. அரசு மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் பரிந்துரையின்படி புதிய சட்டம் இயற்றியது. 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டு முதல் கட்-ஆஃப் 200 ஆயிற்று. எதிரெதிரான இரு கட்சிகளும் ஒரே நோக்கில் செயல்பட்டமை, சிக்கலின் தீவிரத்தை உணர்த்துகிறது.

இச்சீர்திருத்தம் சிற்றூர் மாணவருக்கு ஒரு தடையை நீக்கியது என்பதில் ஐயமில்லை. தனி நுழைவுத் தேர்வுக்கெனச் செலவிட வேண்டிய தொகையும் காலமும் மிச்சமாயின. அதே வேளையில் தரவரிசையின் முழுச் சுமையும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின்மேல் விழுந்தது. பயிற்சி நிலையத்தின் வேலையைப் பள்ளியே ஏற்றது. நாமக்கல், இராசிபுரம் பகுதிகளில் முன்னரே வளர்ந்திருந்த விடுதியுடன் கூடிய தனியார் பள்ளிகள் மாநிலம் முழுதும் அறியப்பட்டன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைச் சுருக்கியோ விடுத்தோ, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டும் பயிற்றும் முறை பரவியது. பதினொன்றாம் வகுப்பின் முக்கோணவியலும் எல்லைக் கருத்தும் கல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பின் நுண்கணிதத்தில் முழு மதிப்பெண் பெறுவது இயல்வதாயிற்று. பள்ளிக்கும் தனிப்பயிற்சிக்கும் இடையே 1857-இல் விழுந்த பிரிவு இங்கே மறைந்தது. பள்ளி மேம்பட்டு மறையவில்லை, பள்ளியே பயிற்சி நிலையமானதால் மறைந்தது.

அரசு இதனை உணர்ந்தது. 2017-இல் தரவரிசைப் பட்டியல் வெளியிடும் வழக்கம் நிறுத்தப்பட்டது. 2017–18 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. மொத்த மதிப்பெண் 1200-இலிருந்து 600 ஆகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் புதிய பாடநூல்கள் வந்தன. பாடநூலுக்கு வெளியிலிருந்து சிந்தித்து விடையளிக்கும் வினாக்களும் இடம்பெறலாயின. இவை மனனப் பயிற்சியின் பயனைக் குறைக்க எண்ணிய மாற்றங்கள்.

அகில இந்தியத் தடம்

இதற்கு இணையாக வேறொரு தடமும் இருந்தது. 1959-இல் சென்னையில் ஐ.ஐ.டி. நிறுவப்பட்டது, ஐ.ஐ.டி.களுக்கான கூட்டு நுழைவுத் தேர்வு 1960-களின் தொடக்கத்திலிருந்து நடந்துவருகிறது. அதன் கணித வினாக்கள் மாநிலப் பாடநூலின் பயிற்சி வினாக்களை ஒத்தவை அல்ல. 1970-களிலிருந்து சென்னையில் இயங்கிய பிரில்லியன்ட் டுட்டோரியல்ஸ் இதற்கெனப் பாடங்களை அஞ்சல் வழியே நாடெங்கும் அனுப்பியது. ராஜஸ்தானின் கோட்டா நகரம் பெயர் பெறுவதற்கு முன்பே நுழைவுத் தேர்வுப் பயிற்சியின் ஒரு மையம் சென்னையில் இருந்தது என்பது வரலாற்றில் குறிக்கத்தக்கது. ஆங்கிலம் அறிந்த, மத்திய வாரியப் பள்ளிகளில் பயின்ற நடுத்தர வர்க்கமே பெரிதும் இத்தடத்தில் சென்றது. இத்தேர்வின் முதல்நிலையாகிய ஜே.இ.இ. மெயின் 2021-இல்தான் தமிழிலும் நடத்தப்பட்டது. வினாத்தாள் தமிழில் வந்தபோதும் அதற்குரிய பயிற்சி நூல்களும் ஆசிரியர்களும் தமிழில் போதிய அளவு இல்லை. 1930-களில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் காணப்பட்ட மொழிப் பள்ளம், பள்ளிக்கும் நுழைவுத் தேர்வுக்கும் நடுவில் இன்றும் தொடர்கிறது.

அரசே நடத்திய மாலை வகுப்பு

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சியில் ஈடுபடக் கூடாது என்கிறது. வகுப்பில் பாடத்தைக் குறைத்து மாலையில் விற்பதைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆனால் தடை ஆசிரியரைப் பற்றியதேயன்றி மாணவரின் தேவையைப் பற்றியதன்று. தேவையைத் தொடாமல் அளிப்பை மட்டும் தடுக்கும் சட்டத்தின் கதி என்னவாகும் என்பதற்குத் தென்கொரியா சான்று. அங்கு 1980-இல் தனிப்பயிற்சி முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டது. மறைவாகத் தொடர்ந்த அவ்வழக்கத்தின் மீதான தடையை 2000-இல் அரசமைப்பு நீதிமன்றமே நீக்கியது.

தமிழக அரசு 2021-இல் வேறு வழியைக் கைக்கொண்டது. கொரோனாக் காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவருக்கு அவர்தம் குடியிருப்பிலேயே, மாலை வேளையில், தன்னார்வலர்கள் கற்பித்தனர். வடிவத்தில் இது டியூஷனே. கட்டணம் மட்டும் இல்லை. பள்ளி நேரம் எல்லா மாணவருக்கும் போதுமானதன்று என்பதையும், மாலையில் வீட்டில் உதவி கிடைக்காத பிள்ளை பின்தங்கும் என்பதையும் அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம். அதே ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடும் சட்டமாயிற்று. இது போட்டியின் களத்தையே பிரித்துவிட்டது. பயிற்சிக்குப் பணம் செலுத்த இயன்றவரோடு இயலாதவரை ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமன்று என்னும் முடிவு இதில் அடங்கியுள்ளது.

முடிவுரை

இரு நூற்றாண்டுச் சான்றுகளிலிருந்து பெறப்படும் முடிபுகள் நான்கு. ஒன்று, தனியார் கற்பித்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. அது பள்ளியிலிருந்து பிரிந்து துணைத்தொழிலானதே பொதுத்தேர்வின் விளைவு. இரண்டு, தேர்ச்சியை இலக்காகக் கொண்ட டுட்டோரியல் கல்லூரியும், தரவரிசையை இலக்காகக் கொண்ட பயிற்சி நிலையமும் வேறு வேறு நிறுவனங்கள். முன்னது பின்தங்கியோருக்கு உதவியது. பின்னது முன்நிற்போரிடையே இடைவெளியை விற்கிறது. இரண்டையும் ‘டியூஷன்’ என்று ஒரே சொல்லால் வழங்குவது கொள்கை விவாதத்தைக் குழப்புகிறது. மூன்று, கணிதத்தின் மையநிலை அப்பாடத்தின் இயல்பால் மட்டும் வந்ததன்று. கட்-ஆஃபில் அதற்கு இருமடங்கு எடை அளித்த விதியாலும் வந்தது. நான்கு, தேர்வை நீக்குவதால் பயிற்சி அழிவதில்லை. எஞ்சியுள்ள தேர்வை நோக்கி அது நகர்கிறது. சில வேளைகளில் பள்ளிக்குள்ளேயே குடிபுகுகிறது.

இவற்றால் தேர்வுச் சீர்திருத்தம் பயனற்றது என்று கொள்ளலாகாது. துணைத்தேர்வின் காலத்தை மாற்றியது டுட்டோரியல் கல்லூரியின் தேவையைக் குறைத்தது. விருப்பத் தேர்வுக்கு இடம் தந்த வினாத்தாள் அமைப்பு பாடங்களை ஒதுக்கும் வழக்கத்தை வளர்த்தது. விதி மாறினால் வழக்கம் மாறும் என்பதற்கு இவ்விரண்டுமே சான்று. எனவே ஒரு தேர்வை வைப்பதா நீக்குவதா என்பதோடு நில்லாமல், அத்தேர்வு எதற்கு மதிப்பளிக்கிறது, அதற்குரிய பாடத்தை ஒவ்வொரு பள்ளியும் முழுமையாக முடிக்கிறதா என்று கேட்பதே பொருத்தமானது. முக்கோணவியலைப் பள்ளியிலேயே முழுமையாகக் கற்கும் வாய்ப்பு எல்லா ஊர்களிலும் உறுதியாகும்வரை, அதனை மாலையில் விலைக்கு வாங்க இயன்ற வீடுகளுக்கும் இயலாத வீடுகளுக்கும் இடையிலான தொலைவை எந்தச் சேர்க்கை விதியாலும் முற்றாகக் குறைக்க இயலாது.